வராதவர்கள் மட்டும்

அந்தப் பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவை அறைக்கும் கொதிகலன் அறைக்கும் நடுவே, துணி தைக்கும் அறை ஒன்று இருந்தது. கிழிந்த விரிப்புகள், நாடா அறுந்த பச்சை அங்கிகள், பட்டன் போன நோயாளிச் சட்டைகள் எல்லாம் தள்ளுவண்டியில் அங்கே வந்து சேரும். ஒட்டுப் போட்டு, ஓரம் அடித்து, மறுநாள் மேலே போகும். இருபத்திரண்டு வருஷமாக அந்த வேலையைச் செய்கிறவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தைக்கிறவள் என்பதால் வந்த பெயர் என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒரு தடவை அவளிடம் வாய் கொடுத்துவிட்டால் அந்த நினைப்பு போய்விடும்.

பத்து நாளைக்கு முன்னால் ஊசியக்கா தன் தையல் இயந்திரத்தை இருந்த இடத்திலிருந்து பெயர்த்து, கூரையோரம் இருந்த சின்ன ஜன்னலுக்கு நேர் கீழே இழுத்துக்கொண்டு வந்தாள். இன்னொரு பக்கம் பிடித்துத் தள்ளியவள் மடிப்பக்கா. விரிப்புகளை மடித்து அடுக்குவது அவள் வேலை. கண்ணை மூடிக்கொண்டு மடித்தாலும் நான்கு முனையும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும்.

"இப்ப எதுக்குடி இந்த இடமாற்றம்? அங்க இருந்தா தைக்க மாட்டேன்னு சொல்லிடுச்சா உன் மெஷினு?"

"இங்கதான்க்கா சிக்னல் கிடைக்குது."

"ஓகோ. பட்டன் தைக்கறதுக்கெல்லாம் சிக்னல் வேணுமா இப்போ?"

"கல்யாண போன் வரும்க்கா. என் நம்பரத்தான் போட்டிருக்கா."

விஷயம் இதுதான். ஊசியக்காவுக்கு ஒரே மகள். மருந்துத் தொழிற்சாலையில், தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு, குப்பியில் மருந்து நிரப்புகிற பிரிவில் வேலை. மாப்பிள்ளையும் அங்கேதான். உள்ளே போனால் எட்டு மணி நேரம் போனைத் தொட முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, சாயங்காலம் ஒரு சின்ன மண்டபத்தில் அறுபத்து நாலு பேருக்குச் சாப்பாடு. ஆளுக்கு ஒரு நாற்காலி, நாற்காலிக்கு முன்னால் பெயர் எழுதிய அட்டை. மாப்பிள்ளை வீட்டில் அப்படித்தான் வழக்கமாம். அழைப்பிதழும் அவர்கள் வழக்கப்படியே அச்சாகி வந்தது. கனமான அட்டை, மங்கலான வெண்மை. அடியில், ஓரத்தில், எறும்பு ஊர்ந்தது போலச் சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் 'ரிக்ரெட்ஸ் ஒன்லி' என்று போட்டு, பக்கத்தில் ஊசியக்காவின் போன் நம்பர்.

அட்டையைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு ஊசியக்கா மகளிடம் கேட்டாள். "ரிக்ரெட்னா வருத்தம்தானே? கல்யாணத்துக்குக் கூப்பிடற அட்டையில யாராவது வருத்தத்த அச்சடிப்பாங்களா?"

மகள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். "வர முடியாதவங்க மட்டும் கூப்பிட்டுச் சொல்லுங்கன்னு அர்த்தம்மா. கூப்பிடாதவங்க எல்லாரும் வர்றாங்கன்னு நாம எடுத்துக்கணும். அத்தனை நாற்காலி போடணும்."

"பேசாம இருந்தா வர்றதா அர்த்தமா?"

"ஆமா."

"நல்லா இருக்குடி உங்க இங்கிலீஷு. வரலைன்னு சொல்ல ஒரு வார்த்தை வெச்சிருக்கான், வர்றேன்னு சொல்ல ஒண்ணும் இல்ல."

மகள் சிரித்தாள். ஊசியக்கா விடவில்லை. "அப்போ வர முடியாதவங்க மன்னிப்புக் கேக்கணுமா நம்மகிட்ட?"

"அது சாரிம்மா. ரிக்ரெட் வேற. சாரிக்கு எதிர்ல ஒரு ஆள் வேணும். ரிக்ரெட்டுக்கு ஆள் வேணாம். தனியா உக்காந்தே படலாம்." தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் சேர்த்துக்கொண்டாள். "செஞ்ச ஒண்ண நினைச்சு, அப்படிச் செய்யாம இருந்திருக்கலாமேன்னு உள்ளுக்குள்ளயே வேகறது. ஆனா அட்டையில போடறப்ப அதெல்லாம் ஒண்ணும் இல்ல. சும்மா மரியாதைக்கு."

ஊசியக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏனென்றால் அந்த வார்த்தை அவளுக்குப் புதிது இல்லை. பதினேழு வயதில் தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவன் அண்ணன். அந்த வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். பதில் கடிதம் வந்தபோதும் அவன்தான் பிரித்தான். முதல் வரியைப் படித்ததும் அவன் முகம் மாறியதை அவள் பார்த்தாள்.

"என்னண்ணா போட்டிருக்கு?"

"வருந்துகிறோம்னு போட்டிருக்கு."

"அவங்க எதுக்கு வருத்தப்படறாங்க? இடம் கிடைக்காதது எனக்குத்தானே?"

"வருத்தப்படலடி. வருத்தப்படற மாதிரி எழுதறாங்க. அவங்க மரியாதை அது." கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னான். "இதப் பாரு ஊசி. மொத வரியில இந்த வார்த்தை வந்தா மிச்சத்தப் படிக்காத. கிளம்பி வா, வெளியில போவோம்."

அன்றைக்கு அவளை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, ஊர் முழுக்கச் சுற்றினான். அழுவதற்கு அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை. பல வருஷம் கழித்து, கணவனை இழந்து, கைக்குழந்தையோடு நின்றபோது, இதே மருத்துவமனையின் அடித்தளத்தில் வேலை வாங்கிக் கொடுத்துக் கொண்டுவந்து விட்டவனும் அவன்தான். "இது எங்க ஊசி. கொஞ்சம் பாத்து நடந்துக்குங்க, குத்திடும்" என்று சொல்லி விட்டுவிட்டுப் போனான். சின்ன வயதில் அவன் வைத்த பெயர் அப்படித்தான் இங்கே வந்து நிலைத்தது.

அந்த அண்ணனோடு அவள் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது.

அவன் பக்கத்து நகரத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். பேருந்தில் மூன்று மணி நேரம். அந்தக் கடையை அவன் திறந்தபோது அப்பா ஊசியக்காவின் வீட்டில் படுத்த படுக்கையாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பகலில் இங்கே தையல், இரவில் அங்கே அப்பா. ஒரு செவ்வாய்க்கிழமை காலை. விடிவதற்குள் மூன்று விரிப்பு மாற்றி, மூன்றையும் துவைத்துப் போட்டுவிட்டு அவள் நிமிர்ந்தபோது போன் அடித்தது.

"அப்பா எப்படி இருக்காரு? நான் வரட்டுமா?" என்றான் அண்ணன்.

வா என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இரண்டு வருஷமாக அந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள். ஆனால் காத்திருந்து காத்திருந்து ஒன்று வரும்போது, சிலருக்கு வாயில் நல்ல சொல் வருவதில்லை. "ரெண்டு வருஷமா வராதவன் இப்ப வந்து என்ன கிழிக்கப் போற? உன் கடையப் பாரு. நாங்க பாத்துக்கறோம். வர வேணாம்" என்றாள்.

வியாழக்கிழமை அப்பா போய்விட்டார்.

அண்ணன் வந்து, வாசல்படியில் நின்று, அவளைப் பார்த்துக் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. "நீதானே வர வேணாம்னு சொன்ன?" எல்லாம் முடிந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனான். அவ்வளவுதான்.

அவள் மூக்கில் இருக்கிற கண்ணாடி, அப்பா படுக்கையில் விழுவதற்கு முன்னால், இன்னொருவர் கடையில் வேலை பார்த்தபோது அவன் செய்து கொடுத்தது. பார்வை எப்போதோ மாறிவிட்டது. ஊசியில் நூல் கோக்க இப்போதெல்லாம் மடிப்பக்கா வர வேண்டியிருக்கிறது. மருத்துவமனையிலேயே கண் பிரிவு இருக்கிறது, இரண்டு மாடி ஏறினால் போதும். அவள் ஏறவில்லை. வேறொருவன் கையால் அளவெடுத்து இன்னொரு கண்ணாடி போட்டுக்கொண்டால், இருக்கிற ஒரு நூலும் அறுந்துபோகும் என்று ஒரு நினைப்பு.

அழைப்பு அட்டைகள் வந்தபோது மகள்தான் சொன்னாள். "மாமாவுக்கு நானே நேர்ல போய்க் குடுத்துட்டு வர்றேன்." போய்விட்டும் வந்தாள். ஊசியக்கா சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள், கேட்காமலே கேட்டுக்கொண்டு.

"வாங்கிக்கிட்டாரு" என்றாள் மகள். "படிச்சாரு. கண்ணாடியக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி படிச்சாரு. அந்த நம்பர் யாரோடதுன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"அம்மாவோடதுன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணும் சொல்லல. பஸ்ஸுக்கு நேரமாச்சு பாருன்னாரு. கடைப் படி வரைக்கும் வந்து நின்னாரு."

"வர்றேன்னு சொன்னானா?"

"நீதான் கூப்பிட்டுக் கேளேன்மா."

ஊசியக்கா எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அவனுடைய கடை நம்பரை அவள் போனில் பதிந்து வைத்ததில்லை. பதினோரு வருஷமாக மனப்பாடம். ஆறு இலக்கம் அழுத்தி ஏழாவதில் நிறுத்தியது எத்தனை தடவை என்று அவளுக்கே கணக்கில்லை.

அப்புறம் தொடங்கியது போன் திருவிழா.

முதல் நாளே, இயந்திரத்தை ஜன்னலடிக்கு நகர்த்திய ஒரு மணி நேரத்தில், கொதிகலன் அறைக்காரர் கூப்பிட்டார். பத்தடி தள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆள்.

"ஊசியம்மா, நான் குடும்பத்தோட வந்துடறேன்!"

"அண்ணே, வர்றவங்க போன் பண்ண வேணாம்."

"அதெப்படி? நம்பர் போட்டிருக்கீங்க, பண்ணலைன்னா நல்லாவா இருக்கும்?"

"வராதவங்க மட்டும்தான் பண்ணணும்."

"வராதவன் எதுக்கும்மா பண்ணப்போறான்? அவனுக்குத்தான் பேச மூஞ்சி இருக்காதே!"

மாடி வீட்டு டீச்சர் கூப்பிட்டு வருகிறேன் என்றார். சலவை அறையிலிருந்து மூன்று பேர் ஒரே போனில் மாறி மாறிச் சொன்னார்கள். முடிவெட்டும் கடைக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டார், முதல் தடவை சொன்னது அவருக்கே மறந்துபோய். அவளைச் சேர்ந்த மனிதர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கூப்பிட்டு வர்றேன், வர்றேன் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டாரோ அட்டையின் முறை தெரிந்தவர்கள். இரண்டு பேர் கூப்பிட்டு, மிகவும் நாசூக்காக, வர முடியாததற்கு வருந்தினார்கள். மற்றவர்கள் வாயே திறக்கவில்லை.

ஊசியக்கா ஒரு நாற்பது பக்க நோட்டில் அறுபத்து நாலு பெயரையும் எழுதி வைத்திருந்தாள். கூப்பிட்டு வருகிறேன் என்றவர்களுக்கு ஒரு சரி. வரவில்லை என்றால் பெயர்மேல் ஒரு கோடு. கூப்பிடாதவர்களுக்கு ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் வெறுமையாக இருந்தது. அவளுடைய பக்கம் முழுக்கச் சரி, சரி, சரி. அந்தப் பக்கத்தில் வெறுமையாக நின்றது ஒரே ஒரு பெயர்.

"இத எப்படிக்கா எடுத்துக்கறது?" நோட்டை மடிப்பக்காவிடம் நீட்டினாள். "அவங்க வழியில பாத்தா, பேசாம இருக்கான், அதனால வர்றான். நம்மாளுங்க வழியில பாத்தா, பேசாம இருக்கான், அதனால வரல."

"உங்கண்ணன் எந்த வழி?"

"இங்கிலீஷ் தெரிஞ்சவன்க்கா. எனக்கே அவன்தான் படிச்சுச் சொல்லுவான். அட்டை அவனுக்குப் புரிஞ்சிருக்கும்."

"அப்போ வர்றான். விடு, நாற்காலி போடு."

"பதினோரு வருஷமா பேசாம இருக்கான். அதையெல்லாம் எந்த வழியில எடுத்துக்கறது?"

மடிப்பக்கா கையிலிருந்த விரிப்பை உதறினாள். "ரெண்டு நாளா லிஃப்ட் ஓடல. கதவுல ஒரு அட்டை தொங்குது பாத்தியா? சிரமத்துக்கு வருந்துகிறோம்னு, ரெண்டு பாஷையில. லிஃப்ட்டு வருந்துதாம். அது பாட்டுக்கு நின்ன இடத்துல நின்னு வருந்துது, நாலு மாடி ஏறி எறங்கறது என் முட்டி. உங்க அண்ணன் தங்கச்சி கதையும் அதான். ரெண்டு பேரும் நின்ன இடத்துல நின்னு வருந்தறீங்க. யாராவது ஒருத்தர் படி ஏறுங்களேன்டி."

"நான் கூப்பிட்டு அவன் எடுத்து, வரலைன்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டுமே."

"சொல்லிட்டா அப்புறம் கோடு போடணும்க்கா."

மடிப்பக்கா ஊசியை வாங்கி நூல் கோத்துக் கொடுத்துவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டாள்.

அந்தப் பத்து நாளும் ஊசியக்கா பட்ட பாட்டை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. போன் அடித்தால் நெஞ்சு பக்கென்றது, அவனாக இருந்துவிடக் கூடாதே என்று. வேறு யாராவது என்று தெரிந்ததும் சப்பென்று போனது, அவனாக இல்லையே என்று. அவன் குரல் வேண்டும். ஆனால் அந்தக் குரல் வந்தால் அது வரமாட்டேன் என்று சொல்லத்தான் வரும். வராமல் இருந்தால் ஒரு நாற்காலி மிஞ்சும், அதில் அவன் வந்து உட்காரலாம், உட்காராமலும் போகலாம். குரலா நாற்காலியா என்று மனசு தராசு போல ஆடிக்கொண்டே இருந்தது. பதினோரு வருஷத்தில் அவன் மௌனத்துக்கு நல்ல அர்த்தம் ஒன்று கிடைத்தது இந்தப் பத்து நாள்தான். அதைக் கையில் பொத்தி வைத்துக்கொண்டு, யாரும் வந்து பிடுங்கிவிடக் கூடாதே என்று உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று நான்கு மணிக்கு மண்டபத்து மேனேஜர் கூப்பிடுவார். அவரிடம் எண்ணிக்கை சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு ஒரு நாற்காலிகூடக் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

காலையிலிருந்து ஊசியக்கா தைத்தது எல்லாம் கோணல். ஒரு அங்கிக்கு நாடாவை உட்பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். மடிப்பக்கா அதைத் தூக்கிக் காட்டி, "இதப் போட்டுக்கிட்டு டாக்டர் முடிச்சுப் போடணும்னா வயித்துக்குள்ள கைய விடணும்" என்றாள். ஊசியக்கா சிரிக்கவில்லை. பிரித்துத் தைத்தாள். மணி மூன்றாயிற்று. மூன்றரை ஆயிற்று. இன்னும் அரை மணி. அதற்குப் பிறகு அந்தப் பெயருக்கு எதிரே நாற்காலி உறுதி.

மூன்று நாற்பதுக்கு போன் அடித்தது.

திரையில் பெயர் இல்லை. வெறும் எண்கள். மங்கலான அந்தக் கண்ணாடியிலும் ஒவ்வொரு எண்ணும் அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது.

அவள் கை இயந்திரச் சக்கரத்தின்மேல் அப்படியே நின்றது. போன் மேசைமேல் அதிர்ந்து அதிர்ந்து, நூல்கண்டை இடித்து, ஓரத்துக்கு நகர்ந்தது. மடிப்பக்கா எட்டிப் பார்த்தாள். "எடுக்கலையா?"

"அவன்க்கா."

"அதான் கேக்கறேன், எடுக்கலையா?"

"எடுக்கலைன்னா அவனால சொல்ல முடியாதுல்ல? இன்னும் இருபது நிமிஷம்தான்."

அடித்து ஓய்ந்தது. சலவை இயந்திரங்கள்கூட அந்த நேரம் பார்த்துச் சுழன்று முடித்திருந்தன.

மடிப்பக்கா அவளைத் திட்டவில்லை. மெல்லக் கேட்டாள். "அன்னைக்கி அவன் கூப்பிட்டப்ப வர வேணாம்னு நீ அடைச்ச. இன்னைக்கி வரலைன்னு சொல்லக்கூட விடாம அடைக்கற. எப்பதான்டி அவனப் பேச விடப்போற?"

போன் மறுபடி அடித்தது. அதே எண்.

ஊசியக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். காதில் வைத்தாள். அந்தப் பக்கம் ஏதோ ஒரு கதவு மணி கிணுகிணுத்தது. கடைக்குள் யாரோ வந்து போகிற சத்தம்.

"ஊசி?"

பதினோரு வருஷம். அந்தப் பெயரை ஒரு நாளைக்கு நூறு பேர் கூப்பிடுகிறார்கள். ஒருத்தர் கூப்பிட்டதும் இந்த மாதிரி இருந்ததில்லை. அழுகை வந்தால் அவளுக்கு வழக்கமாகக் கோபம்தான் வரும், அதுவும் வந்தது.

"மொத வரியிலயே அந்த வார்த்தைய சொல்லப்போறன்னா சொல்லிடு. மிச்சத்த நான் கேக்க மாட்டேன். நீதான் கத்துக்குடுத்த."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு. சிரிப்பா வேறு எதுவுமா, தெரியவில்லை. "அதையெல்லாம் இன்னும் ஞாபகம் வெச்சிருக்கியா?"

"எதத்தான் மறந்தேன்?"

"காலையிலேர்ந்து நாலு தடவ போன எடுத்து வெச்சுட்டேன். வர முடியலைன்னு சொல்லத்தான் எடுத்தேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு..."

"இருண்ணா." அவள் குறுக்கே விழுந்தாள். "நீ சொல்றதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லிடறேன். நீ சொல்லிட்டா எனக்கு வாய் வராது. அன்னைக்கி நீ வரட்டுமான்னு கேட்ட பாரு. வர வேணாம்னு சொன்னேனே. நீ வரணும்னுதான் சொன்னேன். ராத்திரி பூரா தூங்கல, உன்மேல அவ்வளவு ஆத்திரம். அப்படிச் சொன்னா நீ ஓடி வருவேன்னு... கோணலாச் சொல்லிட்டேன். அது நான் செஞ்ச தப்பு. அப்பாவ நீ பாக்க முடியாமப் போனது என்னாலதான். இத உங்கிட்ட சொல்லணும்னு தினமும் நினைப்பேன். தனியா உக்காந்து நினைச்சு நினைச்சு என்னண்ணா பிரயோஜனம்? அதான், இப்ப சொல்லிட்டேன். இப்ப நீ வரலைன்னு சொல்லு. நான் கோடு போட்டுக்கறேன்."

நோட்டு மடியில் திறந்து கிடந்தது. கையில் பென்சில்கூட எடுத்துவிட்டாள்.

அண்ணன் பேசியபோது குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

"எனக்குத் தெரியும் ஊசி."

"என்ன தெரியும்?"

"நீ வர வேணாம்னு சொன்னா வான்னு அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? உன்ன எடுத்து வளத்தவன்டி நான். அன்னைக்கே தெரியும். போன வெச்ச நிமிஷமே தெரியும். தெரிஞ்சும் வரல."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"கடை திறந்து ஒம்பது நாள்தான் ஆகியிருந்துச்சு. அதுதான் காரணம்னு சொல்லிக்கிட்டேன். அது இல்ல. அப்பாவ அந்தக் கோலத்துல பாக்க எனக்குப் பயமா இருந்துச்சு. நீ வர வேணாம்னு சொன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு ஊசி. அப்பாடான்னு மூச்சு விட்டேன். ரெண்டு நாள் கழிச்சு சேதி வந்துச்சு. அந்த அப்பாடாவ என்ன பண்றது? யார்கிட்ட சொல்றது? உம்மேல கோவம்னு சொல்லிக்கறது சுலபமா இருந்துச்சு. உங்க அண்ணிகிட்டகூட அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன். கோவமெல்லாம் ஒண்ணுமில்ல."

ஊசியக்காவின் நாக்கு நுனிக்கு ஒன்று வந்து நின்றது. பதினோரு வருஷம் என்னைக் குற்றவாளியாக நிறுத்தி வைத்தாயே, நீ நல்லா இருப்பியா என்று கூர்மையாக, பளபளப்பாக ஒன்று. வந்து நின்றதை அவள் உணர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு அதை விழுங்கினாள். விழுங்குவது எளிதாக இல்லை.

"அப்பா கடைசி வரைக்கும் உன் பேரத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு" என்றாள். "கடைக்கு என்ன பேரு வெச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. சொன்னா மறந்துடும். மறுபடி கேப்பாரு. ஒவ்வொரு தடவையும் புதுசாச் சந்தோஷப்படுவாரு. இது உனக்குத் தெரியணும்."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. ஆண்பிள்ளைகள் அழுவது போல, இருமலை நடுவே நடுவே போட்டு. அவள் காத்திருந்தாள். கடை மணி இன்னொரு தடவை கிணுகிணுத்தது. "கொஞ்சம் நேரம் கழிச்சு வாங்க சார், சொந்தக்காரங்க போன்" என்று அவன் யாரிடமோ சொன்னான். சொந்தக்காரங்க என்ற சொல்லை அவள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

"பாப்பா வந்தப்ப உன் கண்ணாடியப் பத்திக் கேட்டேன்" என்றான். "அதே கண்ணாடிதான்னா. எப்படிடி நூல் கோக்கற?"

"கோக்கறதில்ல. கோத்துக் குடுக்க ஆள் வெச்சிருக்கேன்."

மடிப்பக்கா தன் மேசையிலிருந்தே, "சம்பளம் இல்லாத ஆளு!" என்று கத்தினாள். அந்தப் பக்கம் அது கேட்டிருக்க வேண்டும். இருமலுக்கு நடுவே ஒரு சிரிப்பு.

பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஆனால் இந்தத் தடவை மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று ஊசியக்கா நோட்டைப் பார்க்கவில்லை.

"ஊசி."

"ம்."

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் இருப்பாங்க. அத்தன பேருக்கு நடுவுல மொதல் தடவையா உன்னப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல." நிறுத்தினான். "நாளைக்கே... நான் வரட்டுமா?"

அதே கேள்வி. ஒரு சொல் மாறவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், ஈரக் கையோடு நின்ற அவள் காதில் விழுந்த அதே இரண்டு சொல். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அவள் மனசுக்குள் எத்தனை ஆயிரம் தடவை பதில் சொல்லிப் பார்த்திருப்பாள்! படுக்கையில், பேருந்தில், இந்த இயந்திரத்தின்மேல் குனிந்தபடி. ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னாள். கேட்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

"வாண்ணா" என்றாள்.

அதற்குமேல் ஒன்றும் சேர்க்கவில்லை. ஊசியக்காவைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

போனை வைத்துவிட்டு அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெரு மட்டத்துக்கு இருந்த அந்த ஜன்னலில் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும்தான் தெரியும். செருப்புகள், பூட்ஸுகள், ஒரு குழந்தையின் சிவப்பு ஷூ. நாளைக்கு எந்தப் பேருந்து, எத்தனை மணிக்கு, எதுவும் கேட்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. பரவாயில்லை. விடிந்ததும் வாசலில் உட்கார்ந்துவிட்டால் ஆயிற்று.

மறுபடியும் போன் அடித்தது. சரியாக நான்கு மணி. மண்டபத்து மேனேஜர்.

"சொல்லுங்கம்மா. மொத்தம் எத்தன நாற்காலி?"

"ஒண்ணு" என்றாள் ஊசியக்கா.

"என்னது? ஒண்ணா?"

"ஒண்ணு நிச்சயம். மிச்சத்த எண்ணிச் சொல்றேன், கொஞ்சம் இருங்க."

நோட்டை எடுத்தாள். கண்ணாடியில் நீர் கோத்துக்கொண்டு ஒரு பெயரும் தெரியவில்லை. கழற்றித் துடைத்தாள். அப்போதும் தெரியவில்லை. மடிப்பக்கா வந்து நோட்டை வாங்கிக்கொண்டு, விரலால் ஒவ்வொரு பெயரையும் தொட்டுத் தொட்டு, சத்தமாக எண்ண ஆரம்பித்தாள்.